ஒப்பாரிக்குச் சொந்தக்காரர் கிடைக்கவில்லை

அம்மாவின் பாட்டு கிராமபோன் பெட்டிக்குள்ளிருந்து வருவதை நான் முதலில் கேட்டது லஸ் முனையில், ஒரு காபி கிளப் வாசலில். தலையில் மீன்கூடை. உச்சி வெயில். டிராம் தண்டவாளத்தைத் தாண்டும்போது யாரோ ஒருத்தி ஆர்மோனியத்தோடு பாடுவது காதில் விழுந்தது. நல்ல குரல்தான். ஆனால் வார்த்தை எங்கள் வீட்டு வார்த்தை.

மூணு விரலு பிடிச்ச துடுப்பு — என் தங்கமே
முழுத்தேங்கா போல ஒடைச்ச நெத்தி

அது என் அண்ணனுடைய நெற்றி. அது உடைந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கிளப்புக்குள் நாலைந்து பேர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தொடையில் தாளம் போட்டார். அந்தத் தாளத்தைப் பார்த்ததும் எனக்குப் புத்தி போய்விட்டது. கூடையை இறக்கினேன். தண்டவாள ஓரத்தில் கிடந்த கருங்கல் ஜல்லியை எடுத்து, பெட்டியின் மேல் பூ மாதிரி விரிந்திருந்த குழாயைப் பார்த்து எறிந்தேன். முதல் கல் பட்சண அலமாரியின் கண்ணாடியை உடைத்தது. இரண்டாவது குழாயை நசுக்கியது. அப்படியும் பாட்டு நிற்கவில்லை. கோணல் குழாய்க்குள்ளிருந்து மூக்கடைத்தவள் மாதிரி பாடிக்கொண்டே இருந்தாள்.

கிளப் முதலாளி ஓடி வந்து என் மயிரைப் பிடித்து நடுரோட்டுக்கு இழுத்தார்.

"பைத்தியமாடி நீ?"

"அது எங்கம்மா பாட்டு."

ஒரு அறை விட்டார். பல் உதட்டில் இறங்கியது. "ஒங்கம்மா பாட்டா? ஒங்கம்மா இன்னா நாடகக்காரியா, ராஜபார்ட்டு கட்டுறாளா?"

உள்ளே சிரித்தார்கள். அவர் கூடையை உதைத்தார். சங்கரா மீனெல்லாம் தண்டவாளத்தில் உருண்டது. நான் அவர் கையைக் கடித்தேன். அதற்கு வயிற்றில் ஒரு உதை கிடைத்தது. தொடையில் தாளம் போட்டவர்தான் கடைசியில் எழுந்து வந்து, "விடுங்கோ, பொம்மனாட்டி. ஏம்மா, பெட்டியை ஒடச்சு என்ன பிரயோஜனம்? பிளேட்டு வித்தவன் கச்சேரி ரோட்டுல கடை வெச்சிண்டிருக்கான். அவனைப் போய்க் கேளு" என்றார்.

அண்ணன் செத்து அப்போது எட்டு மாதம். எங்கள் நொச்சிக்குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் கரைவலை போட முறை உண்டு. ஒரு நாள் அவர்கள், ஒரு நாள் நாங்கள். அன்றைக்கு எங்கள் முறை. விடியும்போதே அவர்கள் வலையோடு வந்து நிற்கிறார்கள் என்று சேதி வந்தது. அண்ணன் சண்டைக்காரன் இல்லை. "போனாப் போவுது, நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று பாயிலேயே உட்கார்ந்திருந்தான். அம்மாதான் அவனைக் கிளப்பினாள். "ஒங்க நைனா இருந்தா இப்டி குந்திகினு இருப்பாரா? விட்டுக் குடுத்துட்டு இந்த வூட்டுக்கு வராதே" என்றாள். அவன் போனான். நானும் பின்னாலேயே ஓடினேன். அந்தக் குப்பத்தில் ஒருவன், வலைக் கயிறு அறுத்து வலது கையில் இரண்டு விரல் போனவன், துடுப்பால் ஒரே போடு போட்டான். அண்ணன் அப்படியே உட்கார்ந்து சரிந்தான். அவன் கண் திறந்தே இருந்தது. காதிலிருந்து வந்த ரத்தத்தை மணல் குடித்துக்கொண்டே இருந்தது.

கேஸ் நடந்தது. எங்கள் ஆண்கள் யாரும் சாட்சிக்குப் போகவில்லை. நான் போனேன். பொட்டைப் பிள்ளை சொல்வதை எழுதிக்கொள்ள ஏட்டு பேனாவை எடுக்கவே இல்லை. மூணு விரல்காரன் வெளியே வந்துவிட்டான்.

அண்ணனின் உடம்பு கிடந்தபோது அம்மா கட்டிப் பாடியதுதான் அந்தப் பாட்டு. எங்களில் ஒப்பாரி என்பது பிணம் கிடக்கும் இடத்தில் மட்டும்தான். பிணத்தைத் தூக்கியதும் பாடினவள் கடல் தண்ணீரால் வாய் கொப்பளிப்பாள். அதோடு சரி. சாவு விழாத இடத்தில் அந்த வரியை எடுத்தால் சாவைக் கூப்பிட்டுப் பாய் போட்டு உட்காரவைப்பதாக அர்த்தம். சின்ன வயதில், கருவாடு காயவைக்கும்போது எங்கேயோ கேட்ட ஒப்பாரியில் ஒரு வரி வாய்க்கு வந்துவிட்டது. அதற்கு அம்மா என் உதட்டில் சூடு போட்டாள். தழும்பு இன்னும் இருக்கிறது.

அம்மா வாசலில் பாடிய வரிகளைக் கூட்டத்தில் யாரோ மனதில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரே மாதத்தில் மலிவுப் புத்தகம் விற்கும் குஜிலிக் கடையில் கொலைச் சிந்துப் புத்தகம் வந்துவிட்டது. கொலை நடந்தால் அதைப் பாட்டாக்கி மெல்லிசுத் தாளில் அச்சடித்து ரயிலிலும் கடற்கரையிலும் விற்பார்கள். அட்டையில் யாரோ ஒரு மீசைக்காரன் படம். சாந்தோம் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரைக்கும் போன புண்ணியத்தில் நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கட்டினவர் பேர் எதுவும் அதில் இல்லை. கடைசி இரண்டு வரியும் இல்லை. அந்த வரிகளை அம்மா வீட்டுக்குள், பிணத்தைக் குளிப்பாட்டும்போது, அண்ணன் காதோடு பாடினாள். அதைக் கேட்டது நான் மட்டும்தான்.

கச்சேரி ரோட்டுக் கடைக்கு உதட்டு ரத்தத்தோடேயே போனேன். மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், குடுமி, மேலே ஒரு கோட்டு.

"படிக்கு வெளியிலேயே நில்லும்மா, மீன் வாடை. என்ன பிளேட்டு வேணும்?"

"பிளேட்டு வோணாம் சாமி. மூணு விரலு பாட்டை ஒங்களுக்கு யாரு குட்த்தது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரும் குடுக்கலை. அதான் சங்கடமே. ஒருத்தர் கட்டின பாட்டை அவாளைக் கேக்காம பிளேட்டாக்கப்படாது. சட்டம் இருக்கு. புஸ்தகம் போட்டவனைக் கேட்டோம், கட்டினது யாருன்னு தெரியாதுன்னுட்டான். நாடகக்காராளை விசாரிச்சோம், அவாளுக்கும் தெரியலை. சொந்தக்காரா ஆப்படலைன்னா கெஜட்டுல நோட்டீஸ் போட்டுட்டு எடுத்துக்கலாம். போட்டோம். ஒரு ஈ காக்கா வரலை."

"கெஜட்டுன்னா இன்னா சாமி?"

"சர்க்கார் அச்சடிக்கிற காகிதம்."

"எங்க விக்கும்?"

"விக்கறதாவது! ஆபீசுக்கெல்லாம் போகும்."

"குப்பத்துல ஆபீசு ஏது சாமி? எங்கம்மா தெனம் ஒங்க கடைக்கு எதுத்தாப்பல அந்த முக்குல கூடை வெச்சிகினு குந்திகினு கீது. அதைக் கேட்டிருந்தா சொல்லியிருக்குமே."

அவர் தெருவைத் தாண்டி முக்கைப் பார்த்தார். அம்மா அங்கே இல்லை. ஆனால் அவள் மீன் கழுவிய ஈரம் இருந்தது.

"அவளா? கார்த்தால வாடை அடிக்கிறது, தள்ளி உக்காருன்னு நேத்திக்கூடச் சொன்னேனே" என்றார். பிறகு, "இதோ பாரு, நாளைக்கு நாலு பேர் வந்து நான்தான் கட்டினேம்பா. அவ வந்து பாடட்டும். புஸ்தகத்துல இல்லாத வரி ஒண்ணாவது அவ வாயில வரணும். வந்தா நான் கம்பெனிக்கு எழுதறேன். வேண்டாம்னு அவ சொன்னா இனிமே பிளேட்டு போடமாட்டா. வித்தது வித்ததுதான், அதை ஒண்ணும் பண்ண முடியாது."

"எங்கம்மா பாடாது சாமி."

"ஒரே ஒரு தடவை."

"ஒரு தடவைக்கும் பொணம் வோணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் மிரட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கை கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. "எனக்கு இது தெரியாதும்மா. எங்காத்துலேயே அந்தப் பிளேட்டை ரெண்டு நாளா வெச்சுக் கேட்டுண்டிருக்கோம்" என்றார்.

மூணு விரல்காரன் வந்தது அதற்கு நாலாம் நாள். நடுப்பகல். ஆண்கள் கடலில். அம்மா வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். அவன் வந்த வேகத்தில் உப்புப் பானையை எட்டி உதைத்தான். அரிவாள்மனையைப் பிடுங்கி மணலில் வீசினான். அம்மாவின் கொண்டையைப் பிடித்துத் தூக்கினான்.

"யாருக்குடி வித்தே என் விரலை?"

"நான் யாருக்கும் ஒண்ணும் விக்கல."

"மார்க்கெட்டுக்குப் போறேன், பாடறானுங்க. டிராம்ல ஏறறேன், கையைப் பாத்துட்டுப் பாடறானுங்க. எனக்கு நிச்சயம் பண்ண வூட்ல வெத்தல பாக்கைத் திருப்பிட்டானுங்க. ஜட்ஜே வுட்டுட்டாரு. ஒன் பாட்டு வுட மாட்டேங்குது."

"ஜட்ஜு பாக்கல. ஏம் பொண்ணு பாத்தா."

அவன் அம்மாவைக் கீழே போட்டு விலாவில் மிதித்தான். நான் அவன் முதுகில் ஏறினேன். அவன் என்னை உதறிச் சுவரோடு வைத்துக் கழுத்தைப் பிடித்தான். இரண்டு விரல் இல்லாத பிடி. ஒரு பக்கம் இறுகியது, இன்னொரு பக்கம் அறுந்த விரல்களின் முண்டுகள் தேய்த்தன. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"அமாவாசை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஊர்ல அந்தப் பொட்டிங்க வாயை மூடல, இவ வாயை நான் மூடிருவேன். பையனைக் குட்த்துட்டே. பொண்ணையும் குடு."

அவன் போன பிறகு நான் அம்மாவிடம் கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். வா, பாடு, அந்த சாமி எழுதிப் போடுவார் என்றேன்.

"பாட மாட்டேன்."

"அவன் என்னைக் கொன்னுருவான்மா!"

"பாடினா மட்டும்? சாவு இல்லாத எடத்துல பாடினா சாவு எங்க வரும்? இந்த வூட்ல மிச்சம் கீறது நீ ஒருத்திதான்டி. நான் யாரைத் தூக்கிக் குடுப்பேன்?"

"எப்டிப் பாத்தாலும் போறது நீதான்டி" என்றாள். நிதானமாகச் சொன்னாள். அந்த நிதானம்தான் எனக்குத் தாங்கவில்லை. கையில் கிடைத்த விறகுக்கட்டையை எடுத்து அம்மாவை அடித்தேன். ஒன்று இல்லை, நாலைந்து. அவன் மிதித்த அதே விலாவில். "அண்ணனை நீதான் அனுப்பிச்சே, நீதான் கொன்னே" என்று கத்திக்கொண்டே அடித்தேன். அவள் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. கட்டை உடைந்ததும் நிறுத்தினேன். சிதறின உப்பை அள்ளி வேறு பானையில் போட்டாள் அம்மா. ராத்திரி சோறு போட்டாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. சாயங்காலம் கரையில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் பையன்கள் கட்டுமரத்து நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். மூணு விரல்காரன் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஈரமணல் வழியாகத் தன் குப்பத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து நின்றான். இரண்டு விரலை மடக்கிக் காட்டினான். இன்னும் இரண்டு நாள்.

நான் பாடினேன்.

யோசித்துப் பாடியது இல்லை. வயிற்றிலிருந்து வந்தது. சாவு விழாத இடத்தில், சூரியன் இருக்கும்போது, முழுக் குரலில், "மூணு விரலு பிடிச்ச துடுப்பு" என்று எடுத்தேன். பெட்டியில் பாடினவளைவிட நன்றாகவே வந்தது. பையன்கள் ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு ஒருத்தன் சிரித்துக்கொண்டே இரண்டாம் வரியைப் பிடித்தான். இன்னொருத்தன் தகர டப்பாவில் தட்டினான். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"இன்னா மச்சான், ஒன் பாட்டு, நீயும் கூடப் பாடேன்!"

"கையைத் தூக்கிக் காட்டு மாமா, எண்ணிப் பாக்கறோம்!"

அவன் துடுப்பை ஓங்கிக்கொண்டு நேரே என்னிடம் ஓடி வந்தான். நான் நகரவில்லை. எங்கிருந்தோ ஒரு வலைக்கல் பறந்து வந்து அவன் முழங்காலில் பட்டது. மண்டியிட்டான். அப்படியும் துடுப்பைச் சுழற்றினான். டப்பா தட்டினவனின் தாடை கிழிந்தது. அதற்கப்புறம் யார் என்ன செய்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கல், கயிறு, கால். ஒருத்தன் அவன் துடுப்பையே பிடுங்கி அடித்தான். பாட்டை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. நானும் ஒரு கல் எடுத்தேன். பக்கத்திலிருந்து போட்டேன். அது எங்கே பட்டது என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கு எங்கே பட்டதோ அங்கே.

அவன் அசையாமல் போனதும் பாட்டு தானாக நின்றது. பையன்கள் ஓடிவிட்டார்கள். அவன் கை மணலை அள்ளிப் பிடித்தபடி கிடந்தது.

போலீஸ் வந்து இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனது. என்னை யாரும் கேட்கவில்லை. பொட்டைப் பிள்ளை சொல்வதைத்தான் எழுதிக்கொள்ள மாட்டார்களே.

அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"பாடினானுங்களாமே. எந்தப் பேமானி மொதல்ல எடுத்தான்?"

"தெரியாது" என்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து உடம்பைக் கொடுத்தார்கள். சாவு மோளம் எங்கள் குப்பம் வரைக்கும் கேட்டது. அம்மா எழுந்து புடவையை இழுத்துச் செருகினாள்.

"பொணம் வூட்டுக்கு வந்துட்ச்சி. போயி அந்தச் சாமியைக் கூட்டியா."

"எங்க?"

"அவன் வூட்டுக்கு."

கடைக்காரர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. குடையை எடுத்துக்கொண்டு வந்தார். தீட்டு என்பதால் தெருவுக்குள் வரவில்லை. வலை காயப்போட்டிருந்த கம்புகளுக்கு அந்தப் பக்கம், வீட்டு வாசல் தெரிகிற மாதிரி நின்றுகொண்டார்.

அம்மா கூட்டத்துக்குள் நுழைந்ததும் பெண்கள் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி துடைப்பத்தால் முகத்தில் அடித்தாள். ஒருத்தி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அம்மா அவர்களை இழுத்துக்கொண்டே போய்ப் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். எதிரில் அவனுடைய அம்மா. என் அம்மா வயதுதான் இருக்கும். மார்பில் அடித்து அடித்துத் தோல் கன்றிப்போயிருந்தது.

"இன்னாத்துக்கு வந்தே? செத்தானான்னு பாக்கவா?"

"பாட வந்தேன்."

"எந்த வாயால பாடுவே?"

"இந்த வாயாலதான். வேற வாயி ஏது எனக்கு?"

அம்மா எடுத்தாள். முதல் இரண்டு வரி. உடைந்த நெற்றி ஒன்று எதிரிலேயே துணி சுற்றிக் கிடந்தது. பெண்கள் மறுபடியும் அடிக்க வந்தார்கள். ஒரு கல் அம்மாவின் தோளில் விழுந்தது. நான் குறுக்கே விழுந்தேன். என் முதுகில் இரண்டு விழுந்தது. அம்மா நிறுத்தவில்லை. புத்தகத்தில் இல்லாத அந்தக் கடைசி வரிகளுக்கு வந்தாள்.

விட்டுக் குடுக்காதேன்னு சொன்ன வாயி — என் தங்கமே
வேவாம கீதே இந்தப் பாவி வாயி

அவனுடைய அம்மா மார்பில் அடித்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினாள்.

"நீயா சொன்னே? அன்னிக்கி?"

"நான்தான் சொன்னேன். அவன் பாயிலதான் குந்திகினு இருந்தான்."

"நானும் சொன்னேன். எம் பையன்கிட்ட நானும் இதேதான் சொன்னேன்டி."

அவள் பிணத்தைத் தாண்டி அம்மாவின் மேல் விழுந்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்து நான் அவள் கையைப் பிடித்துத் திருகினேன். அவள் அந்த வரியைத் திரும்பச் சொன்னாள். அம்மா சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேரும் ஒருத்தி தலையை ஒருத்தி முட்டிக்கொண்டு பாடினார்கள்.

பிணத்தை எடுத்த பிறகு கடைக்காரர் காகிதத்தையும் மை டப்பாவையும் ஒரு கட்டுமரத்தின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அவர் கண்ணாடி நனைந்திருந்தது.

"இன்னமே போடாதேன்னு எழுது சாமி" என்றாள் அம்மா. கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினாள். பிறகு பக்கத்தில் நின்ற அவனுடைய அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து அதையும் மையில் வைத்து அழுத்தினாள்.

"ரெண்டு கைநாட்டா? யார் சொந்தக்காரி?"

"ஒருத்தரும் இல்லேன்னு எழுதுனியே சாமி, அப்போ கை கூசுச்சா? இப்போ ரெண்டு பேர்னு எழுது."

அவர் எழுதினார்.

எனக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. அது என் அண்ணனின் நெற்றி. அவளுக்கு அதில் என்ன பங்கு? அவளை எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. இப்போது கச்சேரி ரோட்டு முக்கில் அம்மா பக்கத்தில்தான் அவளும் கூடை வைத்துக்கொண்டு உட்காருகிறாள். பழைய பிளேட்டுகள் ஊரில் இன்னும் சுற்றுகின்றன. எங்காவது அந்தக் குரல் கேட்டால் இரண்டு பேரும் மீனைப் புரட்டுகிறார்கள். நான் அடுத்த தெரு வழியாகப் போய்விடுகிறேன்.

அன்றைக்கு இரண்டு பேரும் நேரே அலைக்குள் இறங்கி வாய் கொப்பளித்தார்கள். நான் கரையிலேயே நின்றேன். அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"நீயும் வாடி. வந்து கொப்பளி."

"நான் பாடலியே" என்றேன்.

அம்மா இரண்டு கையிலும் கடல் தண்ணீரை ஏந்திக்கொண்டு, அது ஒழுகி முடிவதற்குள் வேகமாகக் கரையேறி வந்து, என் வாய்க்கு நேரே நீட்டினாள்.